நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி

ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். எழுந்து கம்பளியை மடித்துத் தலைமாட்டில் வைப்பேன். எங்கள் தளத்தில் ஏழு பேருக்கு ஒரு குளியலறை. ஐந்தே முக்காலுக்கு முன்னால் போனால் வெந்நீர் கிடைக்கும். பல் தேய்த்து, குளித்து வருவதற்குள் கெட்டில் கொதித்து அணைந்திருக்கும். ஒரு கப் தேநீர், இரண்டு துண்டு ரொட்டி. நின்றுகொண்டே சாப்பிடுவேன். பிறகு சார்ஜரிலிருந்து இரண்டு போன்களையும் எடுப்பேன். என்னுடையது இடது பையில். அவளுடையது வலது பையில். ஆறு ஐந்துக்குக் கம்பெனி வேன் வரும்.

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. நான் இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம்.

வேலை ஒரு பெரிய சலவைக் கூடத்தில். விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் வண்டி வண்டியாக வரும். நான் வேதியியல் படித்தவன் என்பதால் துணியைத் தொடவேண்டியதில்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எவ்வளவு சோப்பு, எவ்வளவு வெளுப்பான், எத்தனை டிகிரி வெந்நீர் என்று பார்ப்பது என் பொறுப்பு. ரத்தக்கறை இருந்தால் முதலில் குளிர்ந்த நீர் விடவேண்டும். வெந்நீர் பட்டால் கறை அப்படியே நின்றுவிடும். ஒரு நாளில் நான் யோசிக்கவேண்டியது அவ்வளவுதான்.

உள்ளே போன் கூடாது. வாசலில் வரிசையாக இரும்புப் பெட்டிகள் இருக்கும். அதில் இரண்டு போன்களையும் வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். ஊரில் நான் வேலை பார்த்த மருந்து ஆலையிலும் இதே விதிதான். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

அவளுக்கு இதய வால்வில் அறுவைச் சிகிச்சை செய்தபோது கடன் வாங்கினோம். விண்ணப்பத்தில் என் போன் எண்ணைக் கேட்டார்கள். பகல் முழுவதும் என் போன் பெட்டிக்குள் கிடக்கும். அதனால் அவள் எண்ணை எழுதிக் கொடுத்தேன். கடன் என் பெயரில், ஜாமீன் கையெழுத்து மாமா, அதாவது அவள் அப்பா, போன் எண் மட்டும் அவளுடையது. தவணை தவறியபோதெல்லாம் வசூல் செய்கிறவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் பேசிச் சமாளித்தாள். என்னிடம் சொன்னதில்லை. நான் ஆலையிலிருந்து வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பொதுவாக எதையுமே சொல்லமாட்டாள். பசியோடு இருக்கும்போது நான் மனிதனே இல்லை என்பது அவள் கணக்கு.

அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து மாதம் நன்றாக இருந்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. நான்கு நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரச் சொன்னாள். போனேன். இரண்டரைக்கு அவளுக்கு மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டார்கள். வியாழக்கிழமை காலையில் முடிந்துவிட்டது. குழாய் போட்ட பிறகு அவள் பேசவில்லை.

நான் கிளம்பும்போது என்ன சொன்னாள் என்று நினைவில்லை. ஃபிளாஸ்க் மூடியைப் பற்றி ஏதோ. அது அன்றைக்கா முந்தின நாளா என்பதும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா மாப்ளை?" என்று கேட்டாள். ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. "அம்மாவைப் பாத்துக்கோங்கன்னு சொன்னா" என்றேன். அவள் சட்டையை விட்டாள். அன்றிலிருந்து துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள். இப்போதும் சொல்கிறாள். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை கூடியிருக்கும்.

நர்ஸ் அவளுடைய போன், செருப்பு, சீப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பையை நான் பிரிக்கவில்லை. ஒரு ஏஜென்ட் வெளிநாட்டு வேலை இருக்கிறது என்றார். எங்கே, என்ன என்று சரியாகக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். பையோடு விமானம் ஏறினேன். இங்கே வந்த இரண்டாம் நாள் வங்கி வேலை ஒன்றுக்கு அவள் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி தேவைப்பட்டது. ரீசார்ஜ் செய்து, போனை உயிர்ப்பித்தேன்.

கடைசி அழைப்பு, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்று ஐம்பத்திரண்டு. வந்த அழைப்பு. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. பெயர்: வசூல் அக்கா.

அவள் யாருக்கும் சொந்தப் பெயர் போட்டு வைத்ததில்லை. மின்சார அலுவலகத்து ஆள் 'தூங்குமூஞ்சி'. வீட்டுக்காரர் 'ஒண்ணாந்தேதி'. என் எண்ணுக்கு 'எடுக்கமாட்டார்'.

ஆக, அவள் கடைசியாகப் பேசியது என்னோடு இல்லை. ஒரு கடன் வசூல்காரியோடு. நான் அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அது கூப்பிட மட்டுமே முடிகிற எண், நாம் கூப்பிட்டால் போகாது என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. நிறுவனத்தின் பொது எண்ணுக்குப் போட்டால் எந்த மொழி வேண்டும், என்ன குறை என்று பொத்தான் அமுக்கச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு துண்டித்தார்கள்.

அந்த வசூல் அக்கா எப்படியும் தவணைக்காகக் கூப்பிடுவாள் என்று இருந்தேன். அதனால் தவணை கட்டவில்லை. கட்டினால் கூப்பிடமாட்டாள் அல்லவா.

கூப்பிட்டது ஓர் ஆண். மேடத்தைக் கூப்பிடு என்று கத்தினான். வெளியே போயிருக்கிறாள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அடுத்த வாரமும் அவனே. அப்போதும் வெளியே போயிருக்கிறாள் என்றேன். உலகத்தில் அந்த ஒரு நிறுவனத்தில் மட்டும் அவள் கடைக்கோ எங்கோ போயிருந்தாள். அவள் வழக்கப்படி அவனுக்கும் ஒரு பெயர் போட்டு வைத்தேன்: கத்தல் அண்ணன்.

என்னோடு அறையில் இருப்பவர் குளிர்பதனப் பெட்டி மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவள் போனுக்கு மாதாமாதம் ரோமிங் பணம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்.

"இதுல யாரு தம்பி கூப்பிடுறாங்க?"

"கடன் வசூல் பண்றவங்க."

"அவனுங்க கூப்பிடுறதுக்கு நீ காசு கட்டுறியா? ஊருல அவனவன் சிம்மை உடைச்சு ஆத்துல போடுறான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொதித்த நீரை எனக்கும் ஒரு கப்பில் ஊற்றினார்.

கத்தல் அண்ணன் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டான். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் நேரம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவோம் என்றான். சரி என்றேன். பாஸ்போர்ட்டை முடக்குவோம் என்றான். அதற்கும் சரி என்றேன். அவனுக்குச் சலித்திருக்கவேண்டும். ஒருநாள், "என்ன சார், எதுக்கெடுத்தாலும் சரி சரின்னா நான் மேற்கொண்டு என்னதான் பேசுறது?" என்று கேட்டான். அன்றைக்கு அவன் குரல் கொஞ்சம் மனிதக் குரலாக இருந்ததால் நானும் கேட்டுவிட்டேன்.

"முன்னாடி ஒரு பொண்ணு பேசுவாங்களே. அவங்க கூப்பிடமாட்டாங்களா?"

"கடனும் கட்டமாட்டீங்க, ஆளையும் நீங்களே செலக்ட் பண்ணுவீங்களா?"

அவங்களிடம் ஒரு விஷயம் கேட்கவேண்டும் என்றேன். அவன் சிரித்தான். சிரித்தபடியே தங்கள் அலுவலகத்தின் முறையை விளக்கினான். மூன்று தவணைவரை பாக்கி இருப்பவர்களிடம் பெண்கள் நயமாகப் பேசுவார்கள். மூன்றைத் தாண்டினால் கணக்கு இவன் பிரிவுக்கு வந்துவிடும். இங்கே நயம் கிடையாது. எனக்கு எட்டுத் தவணை பாக்கி. "அந்தப் பக்கம் திரும்பப் போகணும்னா ஆறு கட்டுங்க சார். தானா அவங்க லிஸ்ட்டுக்குப் போயிடுவீங்க. எனக்கும் நிம்மதி."

கட்டாமல் இருந்தால் கூப்பிடுவாள் என்று நான் காத்திருந்த நான்கு மாதமும் நான் அவளிடமிருந்து தள்ளித் தள்ளிப் போயிருக்கிறேன்.

அப்போதும் உடனே கட்டிவிடவில்லை. ஆறு தவணை என்பது இங்கே வந்த நாளிலிருந்து நான் சேர்த்தது முழுவதும். அதை நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில்தான் மாமாவின் கடைக்கு ஆட்கள் போனார்கள்.

மாமா பூட்டு, தாழ்ப்பாள், ஆணி விற்கிறவர். இரண்டு பேர் வந்து முன்னால் கிடந்த ஸ்டூல்களில் உட்கார்ந்து, ஜாமீன் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் வரும் நேரம். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது அதில் ஒருவன் ஒரு பூட்டு வாங்கினானாம். மாமா விலையில் குறைக்கவில்லை, பில் போட்டுக் கொடுத்தாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அத்தைதான் போனில் சொன்னாள்.

"நான் வாசல்ல நின்னு கேட்டுட்டேன் மாப்ளை. சாகுற நேரத்துல கூட என் பொண்ணு, அம்மாவைப் பாத்துக்கோங்க, அப்பாவுக்கு ஒரு கஷ்டம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா, அதைக் காதால கேட்ட புள்ளை பணம் கட்டாம இருக்குமான்னு கேட்டேன். ரெண்டு பேரும் வாயே தொறக்கலை."

அதில் அப்பா புதிதாகச் சேர்ந்திருந்தார். நான் சரி அத்தை என்றேன். கட்டிவிடுகிறேன் என்றேன். நான் இட்டுக்கட்டிய ஒரு வாக்கியத்தை ஜாமீனாக வைத்து அந்த அம்மாள் வாசலில் நின்று பேசியிருக்கிறாள்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் ஆறு தவணையும் கட்டினேன். மெக்கானிக் அண்ணனிடம் மாதக் கடைசிவரைக்கும் ரொட்டிக்குக் கடன் கேட்டேன். அவர் கொடுத்தார். "நீ கட்டாட்டி எனக்கும் ஆள் வைக்கணுமே, பொம்பள ஆளா ஆம்பள ஆளா, முன்னாடியே சொல்லிடு" என்றார்.

பதினொரு நாள் யாரும் கூப்பிடவில்லை. கத்தல் அண்ணனும் இல்லை. இடைவேளைகளில் பெட்டியைத் திறந்து அவள் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் சரக்கு இறக்கும் மேடைக்குப் போவேன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். அழுக்கு விரிப்புகள் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

பன்னிரண்டாம் நாள், மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு, போன் அடித்தது. திரையில் வசூல் அக்கா என்று இருந்தது.

"மேடம், வணக்கம். என்னை ஞாபகம் இருக்கா? ஆறு தவணையும் சேர்த்துக் கட்டிட்டீங்க போல. உடம்பு இப்பத் தேவலையா?"

பின்னால் பல பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல் கேட்டது. நான் அவள் கணவன் என்றேன்.

"சார், மேடம்கிட்ட குடுங்களேன். அவங்கன்னா எனக்கு ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்."

"இறந்துட்டா."

இந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். ஊரில் மாமாவின் தம்பி போன் போட்டு எல்லோருக்கும் சொன்னார். எனக்கு அந்த வேலை வரவேயில்லை.

எப்போது என்று வசூல் அக்கா கேட்டாள். மாதமும் தேதியும் சொன்னேன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"ரெண்டு நாள் முன்னாடி நான் பேசியிருக்கேன் சார்."

"தெரியும். நாலு நிமிஷம் பன்னெண்டு விநாடி. அதுக்கப்புறம் அவ யாருகிட்டயும் பேசலை. என்ன சொன்னான்னு தெரியணும்."

இதுவரை பேசிய குரல் போய், எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் ஒரு குரலில் பேசினாள். அழைப்பு பதிவாகிறது. பழைய பதிவுகளை அவளால் கேட்க முடியாது. அழைப்புக்குப் பிறகு அவர்கள் தட்டச்சு செய்யும் குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதை வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாது. அதோடு, அவள் கூப்பிட்டது வேறு விஷயத்துக்காக: மீதி இரண்டு தவணையையும் இந்த மாதமே கட்டிவிட்டால் இதுவரை ஏறிய அபராதம் முழுவதும் தள்ளுபடி. சம்மதமா?

அபராதம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். சலவைக் கூடத்தில் இரண்டு மாதம் வேலை செய்தால் மிச்சம் பிடிக்கிற தொகை.

"அந்தக் குறிப்பைப் படிக்க வழியே இல்லையா?"

பக்கத்து மேஜையில் யாரோ, பொய் சொல்லாதீங்க சார், போன மாசமும் உங்க பாட்டிதான் செத்தாங்க என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

"ஒரு ரூல் இருக்கு சார்." குரலைத் தாழ்த்தாமல், அதே படிக்கிற தொனியில் சொன்னாள். "அன்னிக்கு மேடம் பதினஞ்சாம் தேதி கட்டுறேன்னு தேதி குடுத்திருக்காங்க. கட்டலை. அப்படி ஒரு தேதி குடுக்கவே இல்லைன்னு வாடிக்கையாளர் ஆட்சேபம் சொன்னா, குறிப்பை வரி வரியா படிச்சுக் காட்டியாகணும். ஆனா ஆட்சேபம்னு பதிவாயிட்டா தள்ளுபடி போயிடும். திரும்ப வராது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்க மாமா கடைக்கு ஆள் வருவாங்களா?"

"நீங்க மாசாமாசம் கட்டினா யாரும் வரமாட்டாங்க."

மேடையின் ஓரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, விரிப்புகள் நிறைந்த கூண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டி இறக்கினார். சக்கரச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"ஆட்சேபம்" என்றேன். "அவ அப்படித் தேதி குடுத்திருக்கமாட்டா."

"பதிவு பண்ணிட்டேன் சார்."

"படிங்க."

அவள் தொண்டையைச் சரி செய்துகொண்டாள். "செவ்வாய்க்கிழமை, பதிமூணு ஐம்பத்திரண்டு. வாடிக்கையாளரின் மனைவி பேசினார். ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். பதினைந்தாம் தேதி கட்டுவதாக வாக்குக் கொடுத்தார். வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசவேண்டும், அவர் எண் வேண்டும் என்று கேட்டதற்குத் தர மறுத்தார்."

நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா?"

"இல்லை சார். தர மறுத்தா காரணம் போடணும். அவங்க சொன்ன வார்த்தையிலயே போடணும், நாங்களா மாத்தினா மார்க்கைக் குறைச்சிடுவாங்க. இதுதான் கடைசி வரி. இதைச் சொல்லிட்டு வச்சுட்டாங்க."

படிக்கிற குரல் அவளுக்கு அந்த இடத்தில் வரவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அவரு இப்பத்தான் தூங்கப் போயிருக்காரு. எழுந்த உடனே கூப்பிட்டுடாதீங்கக்கா, பசியோட இருப்பாரு, உங்களுக்கும் ஒண்ணும் தேறாது. சாப்பிட்டதுக்கப்புறம் கூப்பிடுங்க."